யாருக்குக் கை தூக்கினேன்

பிள்ளைக்குப் பதவி வாங்கித் தருகிற அப்பாக்களில் யாரும் "என் பிள்ளைக்குக் கொடுங்கள்" என்று வாயைத் திறந்து கேட்டு நான் பார்த்ததில்லை. அப்படிக் கேட்டால்கூட அவர்கள் மேல் கொஞ்சம் மரியாதை வரும். அவர்கள் முதலில் தங்களுக்கு உடம்பு முடியவில்லை என்பார்கள். பிறகு, இளைஞர்களுக்கு வழிவிட வேண்டும் என்பார்கள். எந்த இளைஞர் என்று மட்டும் சொல்லமாட்டார்கள், அதை நாம்தான் சொல்ல வேண்டும். நாம் சொன்னதும் திகைத்துப்போன மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, "என் பையனா? அவனுக்கு ஏது நேரம்?" என்று கேட்பார்கள். எங்கள் சபையின் பாடகர் குழுத் தலைவர், எல்லாரும் கொயர் மாஸ்டர் என்று அழைக்கிற ஓய்வுபெற்ற பள்ளிக்கூட வாத்தியார், இவ்வளவையும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில், ஆராதனை முடிந்து மதியச் சாப்பாட்டுக்குள் நடத்தி முடித்தார்.

எங்கள் ஆலயம் அண்ணனூர் ஸ்டேஷனிலிருந்து நடந்து போகிற தூரத்தில் இருக்கிறது. நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் வால்வு தயாரிக்கிற ஒரு கம்பெனியில் ஸ்டோர்ஸ் பார்க்கிறேன். பாடகர் குழுவில் இருபது வருஷமாகக் கட்டைக் குரல் வரிசையில் நிற்கிறேன். சபையின் நிர்வாகக் குழுவிலும் இருக்கிறேன். நிர்வாகக் குழு என்றால் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். மின்விசிறி மாற்றுவதற்கு மூன்று கூட்டம் போடுகிற ஒன்பது பேர், அவ்வளவுதான். எங்களுக்குத் தலைவர் ஆயர். வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது, இன்னும் ஒரு வருஷத்தில் மாற்றல் வரும். அதுவரை யாருடனும் முகம் கோணாமல் இருந்துவிட வேண்டும் என்பது அவருடைய ஒரே லட்சியம். எதைக் கேட்டாலும், "ஜெபிப்போம்" என்பார். ஜெபித்துவிட்டு, யார் குரல் உரக்கக் கேட்டதோ அவர் பக்கம் சாய்வார்.

கொயர் மாஸ்டர் பெயரளவில்தான் மாஸ்டர். கையை ஆட்டுவார், அதுவும் பண்டிகை நாளில் மட்டும். பாட்டுச் சொல்லிக் கொடுப்பது, குரல் பிரிப்பது, தாள்களை எழுதுவது எல்லாம் பதினோரு வருஷமாக வேறொருவர் செய்துவந்தார். அந்த அக்கா எஸ்டேட்டில் துணி ஏற்றுமதி செய்கிற கம்பெனியில் சூப்பர்வைசர். வீட்டுக்காரர் ரயில்வேயில், அண்ணனூரில் மின்சார ரயில்கள் வந்து நிற்கிற ஷெட்டில் வேலை பார்க்கிறார். அக்கா என்று சொல்கிறேனே தவிர என்னைவிட நான்கைந்து வயது சின்னவர்தான். குழுவில் எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். அவர் என்னை அண்ணா என்பார்.

அவர் கற்றுக்கொடுக்கிற விதத்தைச் சொல்ல வேண்டும். எங்களில் முக்கால்வாசிப் பேருக்கு நோட்டு படிக்கத் தெரியாது. அதனால் நான்கு குரலுக்கும் உரிய வரிகளை அவரே தனித்தனியாகப் பாடி, செல்போனில் பதிவு செய்து குரூப்பில் போடுவார். வீட்டில் டிவி சத்தம், கம்பெனியில் மெஷின் சத்தம். ஆகவே காலையில் வண்டி வருவதற்கு முன்பே ஸ்டேஷனுக்கு வந்து, பிளாட்பாரத்தின் ஒரு கோடியில் ஆள் இல்லாத இடத்தில் நின்று பதிவு செய்வார். கட்டைக் குரலுக்கு உரியதையும் அவரே முடிந்தவரை தாழ்த்திப் பாடுவார். ஒவ்வொரு பதிவிலும் நடுவில் ஒரு ரயில் ஊதும். அந்த இடத்தில் அவர் ஒரு கணம் நிறுத்திவிட்டுத் தொடர்வார். நாங்களும் அதையே கேட்டுக் கேட்டுப் பழகி, ஆலயத்தில் பாடும்போதும் ரயில் ஊதிய இடத்தில் ஒரு கணம் நிறுத்திவிட்டுத்தான் தொடர்வோம். இந்த லட்சணத்தில் இருந்த எங்களை நான்கு குரலில் பாட வைத்தவர் அவர்.

அவர் கைப்பையில் எப்போதும் ஒரு டியூனிங் ஃபோர்க் இருக்கும். இரண்டு பல் உள்ள சின்ன இரும்பு முள். அதை முழங்காலில் தட்டிக் காதருகே வைப்பார். அது ஒரே ஒரு சுரத்தைத்தான் கொடுக்கும். அதிலிருந்து மனதுக்குள்ளேயே ஏறி இறங்கி, எந்தப் பாட்டுக்கும் வேண்டிய சுதியை எடுத்து முனகிக் காட்டுவார். பதினோரு வருஷத்தில் ஒருநாளும் அது தப்பியதில்லை.

இன்னொரு பழக்கமும் அவரிடம் உண்டு. கிறிஸ்துமஸுக்கு முந்திய கேரல் ஆராதனை எங்கள் சபையில் பெரிய விஷயம். விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு, கையில் மெழுகுவர்த்தியோடு ஒரு பிள்ளை முதல் சரணத்தை வாத்தியம் இல்லாமல் தனியாகப் பாடும். அந்த ஒரு சரணத்துக்காகப் பெற்றோர்கள் வருஷம் முழுக்க மனக்கணக்குப் போடுவார்கள். அக்கா அதற்கு ஆள் எடுக்கும்போது எல்லாருக்கும் முதுகைக் காட்டிச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொள்வார். பிள்ளைகள் சீட்டுக் குலுக்கிப் போட்ட வரிசையில் ஒவ்வொருவராக வந்து பாட வேண்டும். "மூணாவதா பாடின பாப்பா" என்பார். திரும்பிப் பார்த்த பிறகுதான் அது யார் என்று அவருக்கே தெரியும். ஒருமுறை அவருடைய சொந்த மகளும் பாடினாள், தேறவில்லை. என் மகளும் இரண்டு வருஷம் பாடினாள், இரண்டு வருஷமும் தேறவில்லை. "குரல் நல்லாத்தான் இருக்கு அண்ணா, மூச்சு பத்தலை. இன்னும் ஒரு வருஷம் போகட்டும்" என்றார். அவர் சொன்னது சரி என்று அப்போதே எனக்குத் தெரியும். சரியாகச் சொன்னதற்காகவே அவர் மேல் எனக்கு உள்ளுக்குள் ஒரு கடுப்பு உட்கார்ந்துகொண்டது.

இனி மகன். முப்பத்து நான்கு வயது, ஐடி கம்பெனி, வெள்ளானூர் பக்கம் புது ஃபிளாட். எல்லாரையும் "பிரதர்" என்பான், எனக்கு மட்டும் "அங்கிள்". புதிதாக ஒரு கீபோர்டு வாங்கியிருந்தான், அதில் வண்ண விளக்கெல்லாம் எரியும். வெள்ளைக் கட்டைகளில் ஒரே ஒரு ஸ்கேல் அவனுக்குத் தெரியும். பாட்டு வேறு சுதியில் இருந்தால் டிரான்ஸ்போஸ் என்று ஒரு பட்டன், அதை அமுக்கி எண்ணை ஏற்றிக்கொண்டால் போதும். விரல் அதே கட்டையில்தான் இருக்கும், சத்தம் மட்டும் மேலே போய்விடும். கஷ்டப்படாமல் மேலே போகிற வித்தை அவனுக்கு வேறு விஷயங்களிலும் தெரிந்திருந்தது.

ஆகஸ்டில் ஒரு ஞாயிறு, ஆராதனை முடிந்து நிர்வாகக் குழு பக்கத்து அறையில் கூடியது. அன்றைக்கு டீ, வடை பரிமாறும் முறை அக்காவுக்கு வந்திருந்தது. பெரிய பிளாஸ்க்கோடு அறைக்குள்ளேயேதான் இருந்தார். மாஸ்டர் எழுந்தார். இதயத்தில் அடைப்பு எடுத்தபின் டாக்டர் ஓய்வெடுக்கச் சொன்னார் என்றார். ஆண்டவர் கொடுத்த தாலந்தை இளையவர்களிடம் ஒப்படைக்கும் வேளை இது என்றார். எங்கள் ஒன்பது பேரில் ஒருவர், மாஸ்டரின் சம்பந்தி, அப்போதுதான் தோன்றியது போல, "அப்போ நம்ம தம்பியே பண்ணலாமே சார்" என்றார்.

"என் பையனா? அவனுக்கு ஏது நேரம்?" என்றார் மாஸ்டர்.

அக்கா அந்த நேரம் டீ ஊற்றிக்கொண்டிருந்தார். அவரைக் கொஞ்சம் வெளியே இருக்கச் சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. தோன்றாததற்குக் காரணம் உண்டு. வெளியே இருங்கள் என்றால், நீங்களும் போட்டியில் இருக்கிறீர்கள் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும்.

அக்காவின் பெயரைச் சொன்னது எங்கள் ஒன்பது பேரில் ஒரே ஒரு ஆள். பூந்தமல்லிக்கும் ஆவடிக்கும் இடையே ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன், பாடகர் குழுவில் மேல்குரல் பாடுகிறவன். அவனை எனக்கு எப்போதும் ஆகாது. ஆலயத்துக்குள்ளும் கூலிங்கிளாஸைச் சட்டையில் மாட்டிக்கொண்டு வருவான். ஆராதனையில் அவன் பாடுவது, சென்னீர்குப்பம் நிறுத்தத்தில் ஆள் கூப்பிடுகிற மாதிரியே இருக்கும்.

"இன்னா சார் இது?" என்றான். "பதினோரு வருசமா சொல்லிக் குடுத்துகினு கீறது அந்தக்கா. நம்மாண்ட இன்னா கீது, தொண்டை மட்டும்தான் கீது. தம்பி நல்ல புள்ளதான், நான் இல்லேங்கல. ஆனா அது கொயருக்கு வந்தே ஆறு மாசம்தான ஆவுது?"

அறையில் எல்லாரும் வடையைப் பார்த்தார்கள். ஒருவர், அக்காவுக்குக் கீபோர்டு தெரியாதே என்றார். நாங்கள் தேடியது கீபோர்டு வாசிப்பவரையா, குழுவை நடத்துபவரையா என்பது அவருக்கே நினைவில்லை. இன்னொருவர், பெண்கள் என்றால் குடும்பப் பொறுப்பு இருக்கும், பாவம், எதற்குச் சிரமம் கொடுக்க வேண்டும் என்று கரிசனப்பட்டார். அந்தக் கரிசனம் பதினோரு வருஷமாக எங்கே போயிருந்ததோ தெரியவில்லை. அவர் கையில் இருந்த டீயும் அக்கா ஊற்றிக் கொடுத்ததுதான்.

ஆயர் கண்ணை மூடி ஜெபித்தார். பிறகு கை தூக்கச் சொன்னார். முதலில் அக்காவின் பெயர். ஆட்டோக்காரன் கை மட்டும் மேலே போனது, அதுவும் நன்றாக நிமிர்ந்து போனது. அடுத்து மாஸ்டர் மகனின் பெயர். ஆயரையும் ஆட்டோக்காரனையும் தவிர, எல்லாருடைய கையும் எழுந்தது.

இதுவரை மற்றவர்களைப் பற்றித்தான் பேசிக்கொண்டு வந்தேன். என் கையும் எழுந்தது.

அதற்கு ஒரு வாரம் முன்னால், சனிக்கிழமை சாயங்காலம், மாஸ்டரும் மகனும் ஆப்பிள் பையோடு என் வீட்டுக்கு வந்திருந்தார்கள். இருபது வருஷத்தில் மாஸ்டர் என் வீட்டுப் படி ஏறியது அதுதான் முதல் தடவை. என் மகளைக் கூப்பிட்டுப் பாடச் சொன்னார். அவளுக்கு அப்போது பதினான்கு வயது, ஒன்பதாம் வகுப்பு. அவள் பாதி பாடுவதற்குள் மாஸ்டர் தலையை ஆட்டிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவள் உள்ளே போனதும் மகன் என் பக்கம் குனிந்து, "அங்கிள், இந்த வருஷம் கேரல் சர்வீஸ்ல ஃபர்ஸ்ட் வெர்ஸ் பாப்பாதான். இவ்ளோ டேலன்ட்டை ரெண்டு வருஷமா வெளிய விடாம வச்சிருந்திருக்காங்க, பாருங்க" என்றான்.

"எல்லாம் தேவ சித்தம், தம்பி" என்றார் மாஸ்டர் என்னிடம்.

அவர்கள் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. நானும் எதுவும் தருவதாகச் சொல்லவில்லை. பெரிய மனிதர்கள் அப்படித்தான் பேசி முடிப்பார்கள், நானும் அன்று சாயங்காலம் பெரிய மனிதன் ஆகியிருந்தேன். அவர்கள் போனபின் என் மனைவி ஆப்பிளைக் கழுவிக்கொண்டே, "இவங்க எதுக்கு வந்தாங்க?" என்று கேட்டாள். சும்மாத்தான் என்றேன். அவள் நம்பவில்லை, ஆனால் ஆப்பிளை நறுக்கினாள்.

கை எண்ணி முடிந்ததும் எல்லாரும் மாஸ்டர் மகனுக்குக் கை தட்டினோம். நான் கை தூக்கினேனே தவிர முழுக்கத் தூக்கவில்லை. முதுகைச் சொறியப் போனவன் பாதியில் நிறுத்தியது போல, காதுக்குப் பக்கத்தில் வைத்திருந்தேன். அதையும் எண்ணிக்கொண்டார்கள். அக்கா அடுத்து என்னிடம்தான் டீயோடு வந்தார். தூக்கிய அதே கையால் வாங்கினேன்.

"சக்கரை போதுமா அண்ணா?" என்றார்.

போதும் என்றேன். உண்மையில் சர்க்கரையே போடவில்லை. அவர் மறந்திருந்தார். அதுவரை அவர் எதையும் மறந்து நான் பார்த்ததில்லை.

புதுத் தலைவன் வேலையை ஆரம்பித்தான். சபையின் கேரல் ஆராதனையை இந்த வருஷம் நேரலையாகக் காட்டப்போகிறோம் என்றான். கேமராவுக்குத் தகுந்த மாதிரி நிற்க வேண்டும் என்று எங்களை இடம் மாற்றினான். இளசுகள் முன்வரிசை, முடி கறுப்பாக இருப்பவர்கள் இரண்டாம் வரிசை, மிச்சம் இருப்பவர்கள் பின்னால். குரல் வாரியாக நின்ற குழு, வயது வாரியாக நின்றது. அக்கா கடைசி வரிசையில் ஒரு தூணுக்குப் பக்கத்தில் போனார். "அக்கா, நீங்க பேக்ல இருந்து சப்போர்ட் பண்ணுங்க, அதான் முக்கியம்" என்றான். ஆண்களுக்கு நீல நிறத்தில் கோட்டு, பெண்களுக்கு அதே நிறத்தில் சேலை என்று முடிவானது. கோட்டுப் போட்டுக்கொண்டு கண்ணாடியில் என்னைப் பார்த்தபோது, கல்யாண மண்டப வாசலில் பன்னீர் தெளிக்க நிற்கிறவனைப் போல இருந்தது.

பயிற்சி நாட்களில் ஒன்றைக் கவனித்தேன். கேரல் ஆராதனைக்குப் பவனி இசையோடு தொடக்கம். அதற்கு அவன் டிரான்ஸ்போஸ் எண்ணை ஐந்து ஏற்றி வாசிப்பான். அது முடிந்ததும் பழையபடி பூஜ்யத்துக்குக் கொண்டுவந்துவிட்டு, என் மகள் பாடுவதற்கு ஒரே ஒரு சுரத்தைக் கொடுக்க வேண்டும். எண்ணை இறக்க அவன் மறப்பான். கிட்டத்தட்ட ஒவ்வொரு பயிற்சியிலும் மறந்தான். பயிற்சியில் கேமரா இல்லாததால், பழைய பழக்கத்தில் முன்னால் கீபோர்டுக்குப் பக்கத்தில் வந்து நிற்கிற அக்கா, "தம்பி, பட்டன்" என்று மெதுவாகச் சொல்வார். அவன், "ஓ, யெஸ்" என்று அமுக்குவான். அந்த இரண்டு வார்த்தையில்தான் எங்கள் புதுத் தலைமை நின்றுகொண்டிருந்தது. எனக்கு அது தெரியும். சொல்லியிருக்கலாம். என் மகள் முதல் சரணம் பாடப்போகிறாள் என்ற பூரிப்பில் எனக்கு வேறு எதுவும் முக்கியமாகப் படவில்லை. அம்பத்தூரில் இருக்கிற என் அண்ணன் குடும்பம், பாடியில் இருக்கிற மச்சினன் குடும்பம் என்று எல்லாரையும் வரச் சொல்லியிருந்தேன்.

அந்த நாள் வந்தது. ஆலயம் நிரம்பி, வெளியே ஷாமியானாவிலும் ஆட்கள். பவனி இசையை அவன் வெளுத்து வாங்கினான். நாங்கள் நீலக் கோட்டில் நடந்துபோய்க் கேமராவுக்காகப் போடப்பட்ட இடத்தில் நின்றோம். அக்கா கடைசி வரிசையில், தூண் பக்கத்தில். விளக்குகள் அணைந்தன. என் மகள் மெழுகுவர்த்தியோடு முன்னால் வந்தாள். அவன் சுரம் கொடுத்தான்.

கேட்ட உடனே எனக்குப் புரிந்துவிட்டது. டிரான்ஸ்போஸ் எண்ணை அவன் இறக்கவில்லை. சுரம் ஐந்து படி மேலே இருந்தது. பிள்ளைக்கு அது எப்படித் தெரியும்? தெரிந்தாலும் அத்தனை பேர் முன்னால் நிறுத்திக் கேட்கவா முடியும்? கொடுத்த சுரத்தை அப்படியே நம்பி எடுத்தாள். முதல் இரண்டு வரி தாழ்ந்த இடம், எப்படியோ சமாளித்தாள். மூன்றாவது வரி மேலே ஏறும். ஏறினாள். குரல் கீச்சென்று உடைந்து நின்றுவிட்டது.

ஆலயத்தில் ஒரு சத்தம் இல்லை. எங்கள் தலைவன் என்ன செய்தான் தெரியுமா? அதே கட்டையை, அதே தப்புச் சுரத்தை, இன்னும் கொஞ்சம் சத்தமாக அமுக்கினான். அவனைப் பொறுத்தவரை அவன் சரியாகத்தான் அமுக்கியிருந்தான். ஆகவே தப்பு பிள்ளையுடையது. என் மகள் திரும்பி என்னைத் தேடினாள். நான் நீலக் கோட்டுக்குள் அசையாமல் நின்றேன். எனக்குச் சரியான சுதி எது என்று தெரியாது. இருபது வருஷம் பாடியவனுக்குத் தெரியவில்லை.

அப்போது பின்னால் இருந்து 'டிங்' என்று மெல்லிய ஓசை வந்தது. தூணில் அந்த இரும்பு முள்ளைத் தட்டுகிற சத்தம். அடுத்து, முனகலாக, நிதானமாக, சரியான சுரம். அவர் அதை மூச்சு விடாமல் பிடித்துக்கொண்டே இருந்தார். பிள்ளை அதைக் கேட்டாள். தோள் இறங்கியது. முதலிலிருந்து தொடங்கினாள். மூன்றாவது வரியில் ஏறினாள், ஏறிய இடத்தில் நின்றாள், கடைசி வரிவரை மூச்சு பத்தியது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அழுவதற்கு எனக்கு என்ன உரிமை இருக்கிறது என்று அப்போது யோசிக்கவில்லை.

ஆராதனை முடிவில் நன்றி சொல்ல மாஸ்டர் மேடை ஏறினார். ஏறும்போது உடம்பு முடியாதது போலவே தெரியவில்லை. "பாப்பாவுக்குத் தொண்டை சரியில்லை, அதனால் சிறு தடங்கல் வந்தது. ஆனாலும் நம் இளம் தலைவர் பதறாமல் குழுவை நடத்தினார். கர்த்தருக்கு ஸ்தோத்திரம்" என்றார். எல்லாரும் ஸ்தோத்திரம் சொன்னார்கள். வாசலில் மகன் என்னிடம் கை நீட்டினான். "நெர்வஸ் ஆயிட்டா அங்கிள், பரவால்ல, நெக்ஸ்ட் டைம் பாத்துக்கலாம்" என்றான். அந்தக் கையை நான் பிடித்துக் குலுக்கினேன். நல்லா பண்ணீங்க தம்பி என்றும் சொன்னேன். இதை எழுதும்போது எனக்கே அருவருப்பாக இருக்கிறது. அவனைத் தப்பு சொன்னால் அவனைத் தலைவனாக்கியவர்களையும் சொல்ல வேண்டுமே.

ஆட்டோக்காரன் மட்டும் பக்கத்தில் வந்து, "இன்னா அண்ணாத்தே, உன் பொண்ணு தொண்டைக்கு இன்னா? ஒண்ணும் இல்ல. அந்தக்கா மட்டும் இல்லேன்னா புள்ள மானம் போயிருக்கும்" என்று எல்லார் காதிலும் விழும்படி சொன்னான். நான் அவனைச் சும்மா இருக்கச் சொன்னேன்.

அடுத்த ஒரு வாரம் சொந்தக்காரர்கள் போன் செய்து என் மகளுடைய தொண்டையை விசாரித்தார்கள். ஆளுக்கொரு கஷாயம் சொன்னார்கள். புதன்கிழமை அவள் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு என் முன்னால் வந்து உட்கார்ந்தாள்.

"அப்பா, என் தொண்டைக்கு ஒண்ணும் இல்லை. அவர்தான் தப்பா குடுத்தாரு. ஏன் எல்லாரும் என்னைச் சொல்றாங்க?"

நான் மேசை மேலிருந்த கஷாய டம்ளரைத் தள்ளி வைத்தேன்.

"ஆகஸ்ட்லயே ஆன்ட்டி எங்களையெல்லாம் பாட வச்சாங்கப்பா, எப்பவும் மாதிரி சுவரைப் பார்த்துக்கிட்டு. ரெண்டாவதா பாடின பாப்பான்னாங்க. அது நான்தான். இந்த வருஷம் மூச்சு வந்துடுச்சுன்னாங்க. உங்களுக்கு சர்ப்ரைஸா சொல்லலாம்னு இருந்தேன். அதுக்குள்ள அவங்க ரெண்டு பேரும் ஆப்பிளோட வந்துட்டாங்க."

கிடைத்துவிட்ட ஒன்றுக்காக என் கையை விற்றிருக்கிறேன். அவ்வளவு மட்டமான வியாபாரத்தை எஸ்டேட்டில் பழைய இரும்பு வாங்குகிறவன்கூடச் செய்யமாட்டான்.

"ஆன்ட்டியை ஏம்ப்பா தலைவரா போடலை? நீங்களும் அந்தக் கமிட்டியில இருக்கீங்கல்ல. நீங்க யாருக்குக் கை தூக்குனீங்க?"

"ஆன்ட்டிக்குத்தான்" என்றேன்.

யோசித்துச் சொன்ன பொய் இல்லை. தானாக வந்தது. வந்த வேகத்தைப் பார்த்து எனக்கே ஆச்சரியமாக இருந்தது. அவள் முகம் தெளிந்துவிட்டது. "எனக்குத் தெரியும்பா" என்று சொல்லிவிட்டுப் புத்தகத்தைத் திறந்துகொண்டாள். கொயர் மாஸ்டர் தன் மகனுக்காகப் பொய் சொன்னார் என்று இத்தனை பக்கம் ஏசிய நான், என் மகளிடம் எனக்காகவே பொய் சொன்னேன்.

அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்து, அக்கா பாட்டுத்தாள் வைக்கிற பீரோவின் சாவியை ஆயரிடம் ஒப்படைத்தார். பதினோரு வருஷம் கையால் எழுதிய நோட்டுகளையும் கொடுத்தார். இனிமேல் குழுவில் இல்லை, சபையாரோடு உட்கார்ந்து பாடிக்கொள்கிறேன் என்று சொன்னாராம். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. ஆயர், "ஜெபிப்போம்" என்றாராம். அதற்குப் பிறகு குரூப்பில் குரல் பதிவு வருவதும் நின்றது. இப்போது மாஸ்டர் மகன் கம்பெனி அனுப்பி ஏதோ ஒரு குளிர் தேசத்தில் இருக்கிறான், பனியில் நின்ற படம் போடுகிறான். குழுவுக்கு மாஸ்டரின் மருமகனைத் தற்காலிகமாகப் போட்டிருக்கிறார்கள். நாங்கள் எல்லாரும் ஒரே குரலில் பாடுகிறோம்.

ஆனால் நான் சொல்ல வந்தது அந்த ஞாயிறு வாசலில் நடந்தது. அக்கா படி இறங்கி வந்துகொண்டிருந்தார். நான் பார்க்காதது போலச் செருப்பைத் தேடினேன். என் மகள் அவரிடம் ஓடிப்போய்க் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"போகாதீங்க ஆன்ட்டி" என்றாள். "எல்லாரும் அவரைத்தான் போட்டாங்கன்னு நினைக்காதீங்க. அன்னைக்கு மீட்டிங்ல எங்கப்பா உங்களுக்குத்தான் கை தூக்கினாராம்."

அக்கா நிமிர்ந்து என்னைப் பார்த்தார். என் கையில் ஒரு செருப்பு இருந்தது. அந்த அறையில் பிளாஸ்க்கைப் பிடித்துக்கொண்டு, எழுந்த ஒவ்வொரு கையையும் பார்த்தபடி நின்றவர் அவர். ஒரு வார்த்தை சொன்னால் போதும், நான் அங்கேயே முடிந்தேன். சொல்லட்டும் என்றுகூட நினைத்தேன்.

"தெரியும் பாப்பா" என்றார். "நான் அங்கதானே டீ குடுத்துக்கிட்டு இருந்தேன். பார்த்தேன்."

பிறகு என்னிடம், "வரேன் அண்ணா" என்று சொல்லிவிட்டு ஸ்டேஷன் பக்கம் நடந்தார். என் மகள் திரும்பி வந்து, வழியெல்லாம் என் வலது கையைப் பிடித்துக்கொண்டே வீடுவரை வந்தாள்.